ஜூலு நாட்டில் காடும் போர்க்களமும்: ஐந்து நாள் பயணத்தை எந்த வரிசையில் போவது?

டர்பனில் இறங்கியதும் நேராக, 1879-ல் தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்த இசான்ட்ல்வானா போர்க்களத்துக்கு வண்டியை விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்து இறங்கினால் கண்ணில் படுவது ஒரு மலை, காய்ந்த புல், அங்கங்கே வெள்ளையடித்த கற்குவியல். இருபது நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன்.

அந்தப் புல்வெளியைப் படிக்கத் தேவையான பாடம் வேறு இடத்தில், நூறு கிலோமீட்டர் கிழக்கே உலுண்டியைச் சுற்றி இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது: முதலில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காடு, அப்புறம் ஜூலு அரசர்களின் பள்ளத்தாக்கு, கடைசியில் போர்க்களங்கள். எல்லாம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்குள்தான்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மே முதல் ஆகஸ்ட் வரை போவது நல்லது. அங்கே அது குளிர்காலம், மழை குறைவு. புல் தாழ்ந்து கிடப்பதால் விலங்கும் தெரியும், போர்க்களத்தின் மேடுபள்ளமும் தெரியும். இரண்டாவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. ஜனவரியில் இடுப்பளவுப் புல்லில் நின்றுகொண்டு ஓடைப்பள்ளம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆனால் காலையில் நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பிற்பகலில் இடிமழை சகஜம். மரமில்லாத வெட்டவெளியில் மின்னலோடு விளையாட வேண்டாம்.

இரண்டு தேதிகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 22 இசான்ட்ல்வானா போரின் நினைவுநாள், டிசம்பர் 16, ஜூலுக்களும் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களும் மோதிய ந்கோமே ஆற்றுப் போரின் நாள். விழாவைப் பார்க்க வேண்டுமானால் அந்த நாட்களில் போகலாம். இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் தவிர்ப்பது நல்லது.

2. புறப்படும் முன் முடிக்க வேண்டியவை

விசா: இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கங்களாவது இருக்கட்டும். நைரோபி, அடிஸ் அபாபா போன்ற ஊர்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கி விமானம் மாறினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பாருங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்று செல்லும்.

மருத்துவம்: ஹ்லுஹ்லுவே பக்கம் மலேரியா அபாயம் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை ஆட்களைப் படுத்துவது உண்ணிதான். உயரமான புல்லில் நடந்தால் ஏறிக்கொள்ளும், சிலருக்கு அதனால் காய்ச்சலும் வரும். முழுக்கால் பேன்ட் போட்டு அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

வண்டி: அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குச் சிரமமில்லை. ஜீப் தேவையில்லை, ஆனால் தரை கொஞ்சம் உயர்ந்த வண்டியாக எடுங்கள். இசான்ட்ல்வானாவைச் சுற்றிய சில பாதைகள் சரளை மண். வாடகைக் காப்பீட்டில் டயருக்கும் கண்ணாடிக்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அந்த இரண்டைத்தான் விட்டுவிடுவார்கள்.

மின்செருகி: தென்னாப்பிரிக்காவில் பெரிய மூன்று உருண்டைக் கால் பிளக். நம் வீட்டு ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுகிறோமே, அதே அளவு. அந்தப் பிளக் மாட்டிய எக்ஸ்டென்ஷன் ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போனால் அடாப்டர் தேட வேண்டாம்.

தங்குமிடம்: காட்டுக்குள் இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். ஹில்டாப், ம்பிலா என்று இரண்டு முகாம்கள் உண்டு. இந்தப் பயணத்துக்கு ம்பிலா சரி, ஏனென்றால் மூன்றாம் நாள் நாம் வெளியேறும் மேற்கு வாசல் அதற்குப் பக்கம். கடைசி இரண்டு இரவு ரோர்க்ஸ் டிரிஃப்ட் பக்கமோ டண்டி நகரிலோ. செலவு அதிகமானாலும் சரி என்றால் தனியார் காப்பகங்கள் உண்டு. அவற்றில் பாபனாங்கோ காட்டுக்கும் போர்க்களங்களுக்கும் நடுவிலேயே இருக்கிறது. அப்படித் தங்கினாலும் பார்க்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

போர்க்கள வழிகாட்டி: பதிவுபெற்ற வழிகாட்டி ஒருவரை நாலாம் நாளுக்கு முன்பதிவு செய்யுங்கள். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால் அன்று எல்லாரும் வேறு குழுவோடு இருப்பார்கள். ஜூலு குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டிஷ் தரப்பில் கடிதம், நாட்குறிப்பு, விசாரணை அறிக்கை என்று எழுத்தில் ஏராளமாக உண்டு, அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். ஜூலு தரப்பில் நிறைய விஷயம் வாய்வழியாக வந்தது, சொல்ல ஆள் வேண்டும்.

பெயர் தேடும் முறை: இங்கேதான் ஜி.பி.எஸ். காலை வாரும். ஜூலு ஊர்ப்பெயர்களின் முன்னால் இ, உ, எ, குவா என்று முன்னொட்டு வரும். உம்குங்குண்ட்லோவு என்ற இடம் சில வரைபடங்களில் உகரம் இல்லாமல் இருக்கும், இசான்ட்ல்வானாவுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், மலைக்கு நடுவே சிக்னல் இருக்காது.

3. முதல் நாள்: வாசல் மூடுமுன் உள்ளே

கிங் ஷாகா விமான நிலையம் டர்பனுக்கு வடக்கே இருக்கிறது. நாம் போவதும் வடக்கே. அதனால் நகரத்துக்குள் நுழையாமல் என்-2 சாலையைப் பிடித்து ம்டுபடுபா வரை போய், ஆர்-618 வழியாக ந்யலாசி வாசலை அடையுங்கள். சுமார் மூன்று மணி நேரம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாசல் மாலை 7 மணிக்கு மூடும், மற்ற மாதங்களில் 6 மணிக்கே. இதில் புதியவர்கள் போடும் கணக்குதான் தப்பு. ஆறு மணிக்கு வாசலில் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். உள்ளே வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர், வழியில் யானை நின்றால் அந்த வேகமும் கிடையாது. வாசல் தாண்டி முகாமுக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். மூன்று மணிக்கு வாசலில் இருக்கும்படி புறப்படுங்கள்.

ம்பிலாவில் உணவகம் கிடையாது, நாமே சமைக்க வேண்டும். இரண்டு நாள் சாமானை ம்டுபடுபாவில் வாங்கிவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு வகையில் வசதி. அரிசி, பருப்பு, தக்காளி எல்லாம் கிடைக்கும், பொடி வகைகளை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோனால் போதும். முகாமுக்கு வேலி இல்லை என்பது நினைவிருக்கட்டும். இரவில் கழுதைப்புலி வரும், பகலில் குரங்கு வரும். சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனால் திரும்பும்போது இருக்காது.

4. இரண்டாம் நாள்: காட்டுக்கு விடியலும் மாலையும்

வாசல் திறக்கும் நேரத்துக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். காலை பத்து மணிக்குள் திரும்பி, வெயிலில் ஓய்வெடுத்து, மூன்று மணிக்கு மேல் மறுபடி. நடுப்பகலில் சுற்றுவது பெட்ரோலுக்குக் கேடு, விலங்கெல்லாம் நிழலில் படுத்திருக்கும்.

இந்தக் காட்டை மிருகங்களுக்காக மட்டும் பார்க்காதீர்கள். 1895-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்படுவதற்கு முன் இதன் ஒரு பகுதி ஜூலு அரசர்களின் வேட்டைக்களம். கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு இம்ஃபோலோசி ஆறுகளும் கூடும் இடத்தில் ஜூலு அரசை உருவாக்கிய ஷாகா காலத்து வேட்டைக்குழிகள் இருந்தன. ஆட்கள் அகலமான வளைவாகப் பரவி விலங்குகளை ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு வருவார்கள், ஓட வழியில்லாமல் அவை குழியில் விழும். இந்த வளைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாம் நாள் உதவும்.

காண்டாமிருகங்கள் கொம்பில்லாமல் நிற்பதைப் பார்த்துப் பலர் நோயோ என்று கேட்கிறார்கள். கள்ளவேட்டையைத் தடுக்க 2024-லிருந்து இங்கே கொம்பை வெட்டி எடுக்கிறார்கள். நம் நகம் மாதிரிதான், வலிக்காது, மறுபடி வளரும். காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு வலையில் ஏற்றாதீர்கள், வேட்டைக்காரனுக்கு அது முகவரி.

குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. யானை காதை விரித்துக்கொண்டு எதிரே வந்தால் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

5. மூன்றாம் நாள்: செங்கேனி வாசல் வழியாக உலுண்டி

பெரும்பாலானவர்கள் வந்த வழியே ந்யலாசிக்குத் திரும்பி, நெடுஞ்சாலையைச் சுற்றி அரை நாளைக் கரைக்கிறார்கள். மேற்கே செங்கேனி வாசல் இருக்கிறது. அதன் வழியே வெளியேறினால் உலுண்டி பக்கம்தான். விடியலில் கிளம்பினால் கடைசி சவாரியும் இதிலேயே அடங்கிவிடும்.

உலுண்டியில் பெட்ரோலை நிரப்புங்கள், கையில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஒண்டினி. அரசர் செட்ஷ்வாயோவின் தலைநகர் இருந்த இடம். வளாகத்துக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே ஒரு மணி நேரமாவது கொடுங்கள். தேட வேண்டியவை மூன்று. பளபளப்பான கறுப்பு மண்கலமான உகாம்பா. மணிகோத்த வேலைப்பாடு: நிறமும் வடிவமும் சேர்ந்து சேதி சொல்லும், பெண்கள் காதலனுக்கு அனுப்பிய கடிதம் அது. மூன்றாவது, ஆண்கள் தலைமுடியோடு சேர்த்துத் தைத்துக்கொண்ட இசிகோகோ என்ற வளையம்.

மூன்றாவதுதான் போருக்கு நேரடித் தொடர்புள்ளது. ஜூலு இளைஞர்களை வயதுவாரியாகப் படைப்பிரிவுகளாகச் சேர்ப்பார்கள், அவற்றுக்கு அமாபுத்தோ என்று பெயர். அரசர் அனுமதிக்கும் வரை அந்தப் பிரிவினர் திருமணம் செய்ய முடியாது. அனுமதி கிடைத்தவர்கள்தான் தலைவளையம் அணிவார்கள். ஆக, ஒருவன் எந்தப் பிரிவு என்றால் அவன் வயது என்ன, குடும்பம் உண்டா, இரண்டுமே தெரிந்துவிடும்.

அடுத்தது உலுண்டிப் போர்க்களம், பக்கத்திலேயே. 1879 ஜூலை 4 அன்று பிரிட்டிஷ் படை சதுரமாக நின்ற இடத்தில் கல்மாடம் ஒன்று இருக்கிறது. உயிர்விட்ட ஜூலு வீரர்களுக்கும் அதே மாடத்தில் நினைவுக்கல் உண்டு. கால் மணி நேரம் போதும்.

கடைசியாக எமாகோசினி பள்ளத்தாக்கு. ஷாகாவுக்கு முந்தைய தலைவர்களின் சமாதிகள் உள்ள இடம் இது. குன்றின் மேல் பெரிய வெண்கலக் கலத்தைச் சுற்றி ஏழு கொம்புகள் நிற்கும், ஏழு அரசர்களைக் குறிக்க. கீழே உம்குங்குண்ட்லோவு, ஷாகாவுக்குப் பின் ஆண்ட டிங்கானேயின் தலைநகர். 1838 டிசம்பரில் அவரே அதைக் கொளுத்திவிட்டு வெளியேறினார். அந்தத் தீயில் குடிசைகளின் களிமண் தரை செங்கல்லாக வெந்துபோனதால் அகழாய்வில் அப்படியே கிடைத்தது.

இங்கே மெதுவாக நடங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் பெரிய வட்டமாக, நடுவில் மாட்டுப்பட்டி, வாசலுக்கு எதிர்ப்புறம் மேட்டில் அரசரின் அந்தரங்கப் பகுதி, இரண்டு பக்க வளைவிலும் படைப்பிரிவுகள். குடியிருப்பு, வேட்டை, போர் மூன்றுக்கும் இந்த வளைவுதான் அச்சு. இதைக் காலால் நடந்து உணர்ந்தவருக்கு மறுநாள் யாரும் வியூகத்தை விளக்க வேண்டியிருக்காது.

மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஆர்-68 பாபனாங்கோ, ந்குத்து வழியாகப் போகிறது. இருட்டினால் சாலையில் மாடும் ஆடும் படுத்திருக்கும், குழிகளும் தெரியாது. ராத்திரி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

6. வீட்டுக்குள் போவதற்கு முன்

வழியில் யாராவது ஒரு ஜூலு குடியிருப்புக்கு அழைத்துப் போவார்கள். நடன நிகழ்ச்சி நடத்தும் இடமாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

வாசலிலேயே நின்று குரல் கொடுங்கள், அழைத்த பிறகு உள்ளே போங்கள். ஒருவரிடம் "சவுபோனா", பலரிடம் "சனிபோனானி". நன்றிக்கு "ங்கியபோங்கா". குசலம் விசாரிக்காமல் நேராக வழி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. எதையும் வலக்கையால் வாங்குங்கள், இடக்கை வலது முன்கையைத் தாங்கட்டும்.

குடிசைக்குள் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். உள்ளே கடைசியில் உம்சாமோ என்ற பகுதி முன்னோர்களுக்கு உரியது, அங்கே பையை வைக்காதீர்கள். மாட்டுப்பட்டிக்குள்ளும் கேட்காமல் கால் வைக்க வேண்டாம். நம் வீட்டுப் பூஜையறைக்குள் யாராவது செருப்போடு நுழைந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

7. நாலாம் நாள் காலை: இசான்ட்ல்வானா

காலையில் இசான்ட்ல்வானா, பிற்பகலில் ரோர்க்ஸ் டிரிஃப்ட். மாற்றிப் போடாதீர்கள். இரண்டும் 1879 ஜனவரி 22-ல் ஒன்றையடுத்து ஒன்றாக நடந்தவை. வெளிச்சமும் இதற்குத்தான் தோது. பிரிட்டிஷ் முகாம் இருந்தது மலையின் கிழக்குப் பக்கம், காலையில் அங்கே வெயில் நேராக விழும், சாயங்காலம் மலை நிழல் மூடிவிடும்.

கிராமத்திலுள்ள பார்வையாளர் மையத்துக்கு முதலில் போங்கள். அங்கே உள்ள மாதிரி வரைபடத்தைப் பார்க்காமல் களத்துக்குப் போனால் திசை பிடிபடாது.

களத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் மலை ஏறத்தான் தோன்றும். வேண்டாம். மலையடிவாரக் கணவாயில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம், வடக்கே நீளும் மேடு ந்யோனி. அதற்கு அப்பால் ந்க்வெபெனி பள்ளத்தாக்கில்தான் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு படை சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. முகாமில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் படையில் பாதியைக் கூட்டிக்கொண்டு, ஜூலுக்களைத் தேடி விடியலிலேயே வேறு பக்கம் போயிருந்தார்.

இப்போது அந்த வளைவைப் பொருத்திப் பாருங்கள். ஜூலு வியூகத்துக்குக் காளையின் உடல்தான் மாதிரி: நடுவில் மார்பு, இரண்டு பக்கமும் கொம்புகள், பின்னால் காத்திருக்கும் படை இடுப்பு. வேகமான இளைஞர்கள் கொம்பில், அனுபவசாலிகள் மார்பில். இடது கொம்பு உங்கள் எதிரே சமவெளியைச் சுற்றி வந்தது. வலது கொம்பு மலைக்குப் பின்னால், உங்கள் முதுகுப் பக்கம் வந்தது. வழிகாட்டியிடம் முதுகுப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பின்வாங்கும் சாலை அடைபட்டதுதான் அந்த நாளைத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அப்புறம் கற்குவியல்களைப் படியுங்கள். வெள்ளைக் குவியல் ஒவ்வொன்றும் ஒரு கல்லறை. எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அங்கே கூட்டமாக நின்று இறந்திருக்கிறார்கள். கணவாயிலிருந்து ஆற்றை நோக்கி அவை நீண்டு போவது தப்பி ஓடிய வழி. பைனாகுலரில் இதைப் பார்த்தால் வரைபடமே தேவைப்படாது. மேலே ஏறி நின்று படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் இருக்கிறார்கள், தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

ஜூலு வீரர்களின் நினைவுச்சின்னம் நுழைவழியின் அருகே இருக்கிறது, வீரத்துக்காக அளிக்கப்படும் கழுத்துமாலையின் வெண்கல வடிவம். 1999-ல்தான் வைத்தார்கள். 120 ஆண்டு தாமதம்.

தரையில் பழைய தோட்டாவோ பொத்தானோ கிடந்தால் தொடாதீர்கள். எடுத்துப்போவது பாரம்பரியச் சட்டப்படி குற்றம். அது எங்கே கிடக்கிறது என்பதுதான் ஆய்வாளர்களுக்குச் சாட்சி.

8. அதே நாள் பிற்பகல்: ரோர்க்ஸ் டிரிஃப்ட்

சாலை வழியே சுமார் பதினைந்து கிலோமீட்டர். சரளை மண்ணில் மெதுவாகப் போங்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் பிரிட்டிஷார் காத்த சின்ன நிலையம் இது. இங்கே தாக்க வந்த ஜூலுக்கள் காலையில் சண்டையிடாமல் பின்னணியில் இருந்த பிரிவுகள். அவர்களில் பலர் தலைவளையம் அணிந்த, நாற்பது வயதைத் தொட்ட குடும்பஸ்தர்கள். இளையவர்கள் வெற்றியோடு திரும்பும்போது தாங்கள் ஈட்டியை நனைக்காமல் ஊருக்குப் போவதா என்ற ரோஷம். அரசர் ஆற்றைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தும் தாண்டினார்கள். ஒண்டினியில் அந்த வளையத்தைப் பார்த்திருந்தால் இந்த இடம் சட்டென்று புரியும்.

மூவாயிரம், நாலாயிரம் பேரை எதிர்த்து பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர் இரவெல்லாம் காத்து நின்றார்கள். மக்காச்சோள மூட்டையாலும் பிஸ்கட் பெட்டியாலும் கட்டிய சுவரின் கோட்டைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேலேயே நடந்து அளந்து பாருங்கள், எவ்வளவு சின்ன இடம் என்று தெரியும். அருங்காட்சியகத்துக்கு அப்புறம் போகலாம்.

பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் 11 பேருக்கு என்ற பேச்சோடு பலர் கிளம்பிவிடுவார்கள். ஜூலுக்களின் நினைவுச்சின்னத்தையும் பாருங்கள்: கேடயங்களின் மேல் படுத்திருக்கும் சிறுத்தை. அருகில் உம்லஹ்லன்கோசி என்ற முள்மரம். வெளியூரில் இறந்தவரின் ஆவியை இந்த மரத்தின் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வருவது ஜூலு வழக்கம். கிளையைக் கொண்டுவருபவர் வழியில் வேறு யாரிடமும் பேசமாட்டார். அப்படி ஒருவரைக் கண்டால் வழி கேட்கப் போகாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

நேரம் இருந்தால் பக்கத்துக் கைவினை மையத்தில் நெசவையும் அச்சுப்படங்களையும் பாருங்கள். நினைவுப்பொருள் வாங்க இந்த வட்டாரத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

9. ஐந்தாம் நாள்: ஆற்றின் இரு கரை, அப்புறம் டண்டி

1838 டிசம்பர் 16 ந்கோமே ஆற்றுப் போர் நடந்த இடம் டண்டிக்கும் ஃப்ரைஹெய்டுக்கும் நடுவே, ஆர்-33 சாலையிலிருந்து உள்ளே. மேற்குக் கரையில் போயர்களின் 64 வெண்கல மாட்டுவண்டிகள் வட்டமாக நிற்கின்றன. கிழக்குக் கரையில் ஜூலு தரப்பைச் சொல்லும் ந்கோமே அருங்காட்சியகம், கொம்பு வளைவில் கட்டப்பட்டது. இரண்டுக்கும் பெயர்ப்பலகை வேறு, நுழைவு வேறு, சொல்லும் கதையும் வேறு. பெரும்பாலானோர் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நடுவே நடைபாலம் உண்டு. திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், மூடியிருந்தால் வண்டியில்தான் சுற்ற வேண்டும்.

டண்டியில் தலானா அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்க நாடு, ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களும் அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாசிலுக்கு வந்து அவர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக நவம்பர் 11 அன்று காந்திக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது இதே டண்டி நகர நீதிமன்றம்.

பகல் ஒரு மணிக்கு டண்டியை விட்டுக் கிளம்பினால், லேடிஸ்மித் பக்கம் இறங்கி என்-3 சாலையில் நாலு மணி நேரம் போல ஓட்டி இருட்டுக்கு முன் டர்பன். கிளம்புமுன் நாலு டயரையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். சரளைப் பாதையின் கூர்ங்கல் ஏற்கெனவே ஒன்றில் குத்தியிருக்கலாம், அது காற்றை விடுவது நெடுஞ்சாலையில்தான் தெரியவரும்.